அட்மின் பாஸ்வேர்டு

— வச்சுராத பாண்டி. நான் ஜலீல்தான் பேசுறேன்.

— தெரியுது. உன் நம்பர அழிக்கல.

— அழிக்கலையா?

— இல்ல. சொல்லு மாப்ள, என்ன விசயம்?

— பெருசா ஒண்ணுமில்லடா. நம்ம நெட் சென்டர் மிசின் இருக்குல்ல, பழைய விண்டோஸ் செவன். அத அப்டேட் பண்ணுவோம்னு ஒக்காந்தேன். அட்மின் பாஸ்வேர்டு கேக்குது. அது உனக்குத்தான தெரியும்.

— இம்புட்டு வருசம் கழிச்சு அழகுபாண்டிய பாஸ்வேர்டு கேக்கவா கூப்புட்ட?

— அதான்டா. வேற என்ன?

— அந்த மிசின் இன்னும் ஓடுதாக்கும்?

— ஓடுதாவா! என் முன்னாடிதான் நிக்குது. சும்மா சொல்லக் கூடாது, நீ கோத்து வச்ச மிசினு, அசையல.

— அசையல. சரி.

— ஆமா, அங்க என்னடா விர்ருன்னு சத்தம்?

— ஃபேன் ஓடுது. உங்க பக்கம் மட்டும் என்ன, ஒரே ஹாரனாக் கேக்குது.

— கோரிப்பாளையம் சிக்னல் மாறிருமா? பாலம் வேலை வேற, கண்ணெல்லாம் தூசி. நீ அவனியாபுரத்துல மோட்டார் வைண்டிங் கடை போட்டிருக்கியாமே. நம்ம கடைக்கு வருவானே, அசீம், அவன் சொன்னான்.

— போட்டேன். ஏதோ ஓடுது. நீ?

— நெட் சென்டருக்கு இப்ப எவன் வாரான்? மொபைல் கவரு, சார்ஜரு விக்கிறேன். மிசின் மட்டும் ஒரு ஓரமா…

— மாப்ள, மிசின்ல தேதி சரியாக் காட்டுதா?

— காட்டுதே.

— உள்ள இருக்குற பேட்டரி செத்துப் போயி, ஒவ்வொரு தடவை போடையிலயும் பழைய வருசத்துல போயி நிக்குமே. நான் இருக்கையிலயே அப்படித்தான்.

— அது… புதுசு வாங்கிப் போட்டேன்டா.

— போட்டியா? நல்லது, நல்லது. ஆனா செவனுக்கெல்லாம் அப்டேட் வர்றதையே நிப்பாட்டிட்டாங்க. புது விண்டோஸ் ஏத்துனா இந்த மிசின் தாங்காது.

— தாங்குறவரைக்கும் பாப்போம். நீ போனதுலருந்து நான் எம் பேர்ல மட்டும்தான் உள்ள போறேன். அதுல ஒண்ணையும் மாத்த விடமாட்டேங்குது. எதத் தொட்டாலும் உம் பேரச் சொல்லி பாஸ்வேர்டு கேக்குது.

— கேக்கும்ல. உனக்கும் அப்டேட்டுக்கும்தான் ஆகாதே மாப்ள.

— அத ஏன்டா இப்ப இழுக்குற?

— இழுக்கல. வெள்ளிக்கிழமையானா நீ ஜும்மாவுக்குப் போயிருவ, கடையில ஆளிருக்காது, அந்த நேரம் பாத்து அப்டேட் போட்டு விடுவேன். நீ வாரதுக்குள்ள முடிஞ்சிரும். ஒரு வெள்ளிக்கிழமை முடியல.

— வாசல் வரைக்கும் கூட்டம்டா. பரீட்சைக்கு அப்ளிகேசன் போட கடைசி நாளு.

— அணைக்காதீங்கன்னு திரையில எழுதியிருக்கு. நான் உன் கையப் புடிக்கிறேன். நீ ஒயரப் புடுங்கிட்ட.

— பாண்டி…

— அதக்கூட விட்டுட்டேன். அம்புட்டுப் பேரு முன்னாடி என்ன சொன்ன? 'இது என் கடை, சம்பளத்துக்கு இருக்குறவன் அதுக்குத் தக்கன இரு'ன்ன. பெஞ்சு தூக்குனது, ஒயர் இழுத்தது, சுவத்துக்கு சுண்ணாம்பு அடிச்சது பூராம் ரெண்டு பேரும்.

— கோவத்துல வந்த பேச்சுடா.

— அதுக்கப்புறமும் ஒக்காந்து அந்த மிசினுக்கு உசுரு குடுத்து வச்சுட்டுத்தான் எறங்குனேன். ஏறிட்டுக்கூடப் பாக்கல நீ.

— பாத்திருந்தா உன்னப் போக விட்டிருப்பேனா? அதான் பாக்கல. இப்பவும் வெள்ளிக்கிழமை தொழுதுட்டு கடைக்கு வந்தா, உள்ள கால் வைக்கவே பிடிக்காது. 'மாப்ள, பிரியாணி எங்க'ன்னு கேக்க ஆளில்ல. ரெண்டு பொட்டலம் வாங்கிட்டு வந்து முழிச்சுக்கிட்டு நின்ன நாளெல்லாம் உண்டு. ரொம்பத் தேடுதுடா.

— எனக்குந்தான். கடையில கரண்டு போயி வந்தா, 'ஜலீலு, யூபிஎஸ் பாருடா'ன்னு வாயில வந்துருது. கூட வேலை பாக்குற இம்மானுவேலு, யாரு ஜலீலுன்னு கேக்குறான்.

— என்ன சொன்ன?

— சொல்லல. வீட்ல எல்லாரும் சௌக்கியமா? உம் மக அப்சானா எப்படி இருக்கா?

— அப்சானாவுக்கு நிக்காஹ் வச்சிருக்கு.

— அட! நாலாப்பு படிச்ச புள்ளைக்கா?

— காலேஜே முடிச்சுட்டாடா. மாப்பிள்ளைக்கு மேலூர்ப் பக்கம். நல்ல எடம்.

— எப்ப?

— அடுத்த மாசம். பத்திரிக்கையெல்லாம் அடிச்சாச்சு.

— ம். எல்லாருக்கும் குடுத்தாச்சாக்கும்.

— குடுத்துக்கிட்டே இருக்கோம்… ஆமா, அந்தப் பாஸ்வேர்டச் சொல்லு.

— பாஸ்வேர்டுதான் வேணுமா?

— அதுக்குத்தான போட்டேன்.

— சரி. இங்கிலீசு எழுத்துல அடி. எல்லாம் சின்ன எழுத்து, நடுவுல எடம் விடாத. நம்மகடை.

— என்னது?

— நம்ம கடை. ரெண்டையும் சேத்து அடி.

— இது எப்படா வச்ச?

— மிசின் வந்த அன்னைக்கு. மாத்தவே இல்ல. நீ என் கடைன்னு சொன்ன அன்னைக்கு ராத்திரி மாத்தணும்னுதான் ஒக்காந்தேன். மனசு வரல. அடிச்சியா?

— இரு… கண்ணாடியக் காணோம்.

— மெதுவாத் தேடு. நான் வைக்கல.

— ம். அடிச்சுட்டேன்.

— உள்ள விட்டுச்சா?

— விட்டுருச்சு, விட்டுருச்சு.

— திரையில என்ன படம் தெரியுது?

— எப்பவும் இருக்குமே, அதான். நீலக் கலரு, நடுவுல ஜன்னலு.

— அது உம் பேர்ல போனா வர்றது மாப்ள. எம் பேர்ல போனா ஜன்னல் கெடையாது. அப்சானா வரஞ்ச படம்.

— அப்சானாவா? எப்ப வரஞ்சா?

— பள்ளிக்கூடம் லீவுன்னா, நீ தொழப் போனதும் எம் பக்கத்துல வந்து ஒட்டிக்கிட்டு ஒக்காருவா. மிசினு அப்டேட் ஆகாத நாள்ல மவுஸ அவகிட்டக் குடுத்துருவேன். நம்ம கடைய வரஞ்சிருக்கா. நீ தொப்பி போட்டு நிக்கிற, உன் கையி முழங்காலத் தாண்டிப் போகுது. எனக்கு மூஞ்சி முழுக்க மீசை. நடுவுல அவ, சிவப்புல பாவாடை. மேல சூரியனுக்குக் கண்ணு, மூக்கெல்லாம் வச்சு, ஒரு பக்கத்துக் காத மட்டும் மறந்துட்டா.

— யா அல்லா! இத்தன வருசத்துல ஒரு காதக்கூட மறக்காம வச்சிருக்கியேடா!

— எங்க ஞாபகம் வச்சேன், பாத்துத்தான் சொல்றேன். நீ பழைய சாமானுக்குப் போட்ட மிசின் இங்க அவனியாபுரத்துல காளையோட காயலான் கடையில கெடந்துச்சு, 'அப்சானா நெட்'டுன்னு நம்ம கடை ஸ்டிக்கரப் பாத்து தூக்கிட்டு வந்துட்டேன், இந்தா என் மேசை மேல ஃபேன் விர்ருன்னு ஓடிக்கிட்டிருக்கு, அதனால இல்லாத மிசினத் தட்டுனது போதும் மாப்ள, நிக்காஹ்வுக்கு வாடான்னு ஒரு வார்த்த சொல்லு.