தேன்மொழியின் தம்பி ஆடிய மைதானம்

"ஷெல் குத்திட்டான்! படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

நடுவர் கத்துகிறார். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் கிடக்கிறேன். முகம் மணலில். தூரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு தலைக்கு மேலே கூவல். கூவல் நின்றால்தான் பயப்பட வேண்டும். நின்றது.

முதல் ஷெல் கடற்கரைப் பக்கம் விழுந்தது. இரண்டாவது கிணற்றடியில். மூன்றாவது மைதானத்தின் நடுவில்.

ஆனி மாதம். சனிக்கிழமை. இரண்டாம் பாதி அப்போதுதான் தொடங்கியிருந்தது. என் தம்பி ரவீந்திரன் எங்கள் ஊர் கோல்கீப்பர். இருபத்திரண்டு வயது. அவன் படுக்கவில்லை. நடுவில் காயப்பட்டுக் கிடந்த கூட்டாளியை இழுக்க ஓடினான். "ரவி, படடா!" கத்தினேன். அவனுக்குக் கேட்டதா, தெரியாது. நான்காவது விழுந்தது.

நான் ஈழத்துக்காரி. இதைப் பெரம்பலூரிலிருந்து சொல்கிறேன். படகில் வந்து முகாமில் சேர்ந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. தையல் கடையில் வேலை. அடுத்த மிஷினில் தேன்மொழி. பூலாம்பாடிக்காரி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள்தான் என்னை டவுன் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஒரு கால்பந்தாட்டம். அவள் தம்பி முருகேசன் ஆடுகிறான். அவனும் கோல்கீப்பர்.

கேலரியில் உட்கார்ந்தோம். சிமெண்டுப் படி சுட்டது.

"மொதல்ல இதெல்லாம் கருவேலங்காடுக்கா. ஆடு மேயும். இவனுங்கதான் வெட்டித் தள்ளிட்டு ஆடுனானுங்க. அப்பறம் செவுரு கட்டுனாங்க. கேலரி வந்துச்சு. லைட்டு வந்துச்சு. பொம்பளப் புள்ளைங்க துணி மாத்துற ரூம்பு இப்பதான் வந்துச்சு. தண்ணிக் கொழா இருக்கு. நெழலுதான் இல்ல. என்ன கட்டி என்ன?"

நான் புல்லைப் பார்க்கிறேன். எங்கேயும் குழி இல்லை. சுவரைப் பார்க்கிறேன். ஓட்டை இல்லை. இத்தனை வருடத்தில் இந்த மைதானம் வளர மட்டுமே செய்திருக்கிறது. ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கிறது. அவள் நிழல் இல்லை என்று குறைப்படுகிறாள். எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் மைதானத்திலும் முதலில் பற்றைக்காடுதான். ஊர் கூடி வெட்டியது. அதற்குப் பிறகு அங்கே வந்து சேர்ந்தது முள்கம்பி. மண்மூட்டை. இராணுவத்தின் காவல் கொட்டில்.

முருகேசனுக்குத் தொப்பை. தலையில் சாயம். முழங்காலில் பட்டி. பந்து அவன் கால்களுக்கு நடுவே உருண்டு வலைக்குள் போனது.

தேன்மொழி எழுந்து நின்றாள். "தொப்பைய வச்சுக்கிட்டு ஒனக்கு எதுக்குடா இதெல்லாம்? வூட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

அவன் அங்கிருந்தே கையைக் காட்டினான். கேலரி சிரித்தது. நான் சிரிக்கவில்லை. திட்டுவதற்கு அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். ரவிக்குத் தொப்பை விழுந்திருக்குமா? முடி கொட்டியிருக்குமா? எனக்குத் தெரியாது. அவளுக்கு எல்லாம் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் முருகேசன் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தான். எதிரில் வந்தவன் மேல் மோதினான். விழுந்தான். எழவில்லை.

சத்தம் அடங்கியது. தேன்மொழி படிகளில் ஓடுகிறாள். செருப்பு கழன்று கிடக்கிறது. அவன் எழ வேண்டும் என்று நினைத்தேன். எழுந்தால் பொறாமை இன்னும் கூடும் என்றும் தெரிந்தது.

எழுந்தான். தண்ணீர் குடித்தான். அவள் அவன் முதுகில் ஓர் அறை வைத்தாள். பிறகு அவன் தோளிலேயே அழுதாள்.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உசுரே போயிடுச்சுக்கா."

"போகேல்லையே," என்றேன். "உன்ர தம்பி எழும்பிட்டான். என்ர தம்பி எழும்பேல்ல."

இத்தனை வருடத்தில் அவளிடம் நான் இதைச் சொன்னதில்லை. குரல் கடுமையாகத்தான் வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒங்க தம்பி எங்க நின்னு ஆடுவாரு?"

எப்படிச் செத்தான் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் ஆடினான் என்று யாரும் கேட்டதில்லை.

"கோல்."

"நல்லாப் புடிப்பாரா?"

"ஓம். வலப்பக்கம் பாய்ஞ்சு பிடிப்பான். இடப்பக்கம் கொஞ்சம் மோசம்."

"மத்தவங்கல்லாம்?"

சொன்னேன். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

கோல்கீப்பர் ரவீந்திரன். பின்வரிசையில் ஜோசப்பும் மோசஸும், அண்ணன் தம்பி. நடுவில் குகன், அவனை இழுக்கத்தான் ரவி போனான். முன்வரிசையில் சிவபாலன். எதிரணியில் இரண்டு பேர். வெளியூர்க்காரர்கள், பெயர் தெரியாது. நடுவர் அருளப்பு மாஸ்டர். மைதானக் கரையில் கடலை விற்றுக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா.

பனஞ்சட்டத்தில் செய்த கோல் கம்பங்கள். மீன்வலையில் கட்டிய வலை. நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று.

அன்று போனது ஒன்பது பேர். ஒரு மைதானம்.

முருகேசனுக்கு முழங்கால் வீங்கியது. மூன்றாம் நாள் வற்றிவிட்டதாம்.