கம்பிக்கு வெளியே தரையில் அமர்ந்தவருக்கு

கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை காத்திருக்கத் தெரிந்த காருண்யமே! கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் குணவதியே! இருபத்தொன்பது ஆண்டுகள் இராயபுரத்தில் நம் மனநல ஆய்வு மையத்தின் படியேறி, இன்று பணி நிறைவு பெறும் தாஹிரா அம்மா! உங்கள் மீது இறைவனின் சாந்தி நிலவட்டும்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள். எனவே வேறு யாரோ ஒருவரின் கதையைப் போலவே சொல்கிறோம்; பொறுத்தருள்க.

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு பெண்கள் சிறையில், அடைபட்டிருப்போரின் மனநிலையை அறிய நாற்பத்துமூன்று பேரிடம் இருபது கேள்விகள் கேட்கும் பணி தாஹிரா அம்மாவுக்கு வந்தது. ஒன்பதாவது கேள்வி, ‘செத்துப்போகலாம் என்று அண்மையில் நினைத்தீர்களா?’ முதலில் வந்து அமர்ந்தவர் மீனவக் குடும்பத்து விசாரணைக் கைதி. இங்கே அவர் பெயர் மங்கை. அது அவரே தேர்ந்தெடுத்த பெயர். ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாததை அன்று அவர் சொன்னார்: “ஆமாம்மா.”

உயிருக்கு ஆபத்தென்றால் சிறை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தாஹிரா அம்மா தெரிவித்தார். அந்த விதி ஒப்புதல் படிவத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. அதை மங்கைக்கு அவரும் வேகமாகத்தான் வாசித்துக் காட்டியிருந்தார்.

அடுத்த மூன்று நாட்களில் மற்ற நாற்பத்திரண்டு பேரும் ஒன்பதாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றார்கள். ஒருவர் விடாமல்! நாங்கள் மகிழ்ந்தோம். சமோசா வாங்கிச் சாப்பிட்டோம். வெட்கத்தோடு எழுதுகிறோம், அம்மா!

தாஹிரா அம்மா சமோசாவைத் தொடவில்லை. “நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள இல்லைங்கறாங்க” என்றார். மறுநாள் மீண்டும் சிறைக்குச் சென்று, மங்கை எங்கே என்று கேட்டார். வரிசையில் நின்ற ஒரு பெண் வெடித்தாள்.

“நீ கேட்ட, அவ சொன்னா. தனி ரூம்புல போட்டுட்டாங்க. பொடவையக்கூட வாங்கிக்கினாங்க, தூக்கு மாட்டிக்குவாளாம். பேச ஆளில்ல, லைட்டு அணைக்கறதில்ல. இன்னா மேடம், நாங்களும் ஆமான்னு சொல்லணுமா?”

ஐயோ! கொடியவர் எவரும் அங்கில்லை. எல்லோரும் விதிப்படி நடந்தார்கள். ஆறுதல் தரச் சென்ற நம் கேள்வியே ஒருத்தியை இருந்த துணையும் இல்லாத அறைக்குள் தள்ளியிருந்தது!

தாஹிரா அம்மா யாரிடமும் சண்டையிடவில்லை. கண்காணிப்பாளரிடம் அனுமதி பெற்று, அந்த அறைக்கு வெளியே தரையில் அமர்ந்தார். உள்ளே நைட்டியோடு சுருண்டிருந்த மங்கை திரும்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா, இன்னும் கேள்வி பாக்கி கீதா?”

“இல்லம்மா. மன்னிப்புக் கேக்க வந்தேன். டாக்டர்கிட்ட சொன்னது நான்தான்.”

“அதுக்கும் கைநாட்டு வெக்கணுமா?”

அந்தக் கேலிக்குத் தலைகுனிந்தவர் மறுநாளும் சென்றார். தண்டையார்ப்பேட்டையிலிருந்து பேருந்து ஏறி, பதினோரு நாட்கள், கையில் காகிதமின்றி! வஞ்சிரமா வவ்வாலா என்று மீன் குழம்பு பற்றி இருவரும் வாதிட்டார்கள். மங்கையைக் காக்கத் தேவை துணைதான், தனிமை அல்ல என்று மருத்துவரிடம் நாள்தோறும் பணிவாகச் சொன்னார். பன்னிரண்டாம் நாள் மங்கையின் கையில் புடவை திரும்ப வந்தது. அவர் கேட்ட தோழியோடு பழைய சிறைத் தொகுதிக்குத் திரும்பினார்.

அந்த ‘இல்லை’களை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்றார் தாஹிரா அம்மா. நம் இயக்குநர் தாமோதரன் ஐயாவோ, “ஒரு வருஷ உழைப்பும்மா” என்று விடைத்தாள்களைப் பார்த்துக் கலங்கினார்.

“பயத்தை எண்ணி வெச்சிருக்கோம் சார். அத மனநலம்னு எப்படி எழுதறது?”

நாற்பத்திரண்டு தாள்களையும் ஐயா ஆய்விலிருந்து நீக்கினார். இன்று நம் படிவத்தின் முதல் வரி தாஹிரா அம்மா எழுதியது: ‘நீங்கள் ஆமாம் என்றால் உங்களுக்கு என்ன நடக்கும் என்பதை முதலில் சொல்கிறோம்.’ அப்படிச் சொன்னவரைத் தனியே அடைக்கமாட்டோம் என்று சிறை எழுதித் தந்த பிறகே கேள்வியோடு செல்கிறோம்.

வழக்கிலிருந்து விடுதலையான மங்கை இப்போது திருவொற்றியூர்ப் பக்கம் மீன் விற்கிறார். அவரைக் கேட்காமல் இதை வாசித்தால் நீங்கள் மன்னிக்கமாட்டீர்கள் என்று, போன வாரம் சென்று கேட்டோம்.

“அந்தம்மா ரிட்டேரா? படிங்க, தாராளமா படிங்க. ஆனா செவுத்துல மாட்டாதீங்க. வர்றவன் போறவன்லாம் இன்னாத்துக்கு என் கதையப் பாக்கணும்?”

ஆகவே, அம்மா, இம்மடலுக்குக் கண்ணாடியும் இல்லை, சட்டமும் இல்லை. ஒருமுறை வாசித்து, மடித்து, உங்கள் கையில் தருகிறோம். மங்கை சம்மதித்தது இவ்வளவுக்குத்தான். நோயின்றி, துணையோடு, நெடுநாள் நீங்கள் வாழ எல்லாம் வல்லவன் அருள்க!

என்றும் உங்கள்,
மைய ஊழியர்கள்,
இராயபுரம்.