இன்னும் வந்து சேராதவர்களுக்கு விற்ற கோட்டுகள்

நடுநாயகமாக வீற்றிருந்து இந்த நெருக்கடியான கூட்டத்தை நெறிப்படுத்தும் தலைவர், நம் தமிழ் உடுப்புக்கடை வணிகர் சங்கத்தை நீண்டகாலம் கட்டிக் காத்துவரும் யூனியன்வில் மகேஸ்வரன் அவர்களே! அவருக்கு வலமும் இடமுமாக, என்னை விலக்குவதா விட்டுவைப்பதா என்ற யோசனையில் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கும் செயற்குழு நண்பர்களே! எனக்கு முன்னமே இந்த நகரில் கடை திறந்து, கை சுட்டு, கால் ஊன்றிய மூத்த வணிகர்களே! ரெக்ஸ்டேலிலிருந்தும் மிசிசாகாவிலிருந்தும் வீதிக்குப் போட்ட உப்புப் பூத்த கார்களில், ஊத்தைப் பனிக்குள்ளால் ஊர்ந்து வந்து சேர்ந்த உறவுகளே! இடப்பக்க வரிசைகளை நிறைத்திருக்கும் தாய்மாரே, சகோதரிகளே! உங்கள் எல்லோருக்கும் என் மனம் நிறைந்த, ஆனால் மகிழ்ச்சி குறைந்த வணக்கம்.

சுருக்கமாகப் பேசும்படி தலைவர் சொன்னார். சுருக்கமாகவே என் வழக்கைச் சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை நம் சங்கத்தின் குளிர்கால இறுதி மலிவு விற்பனை தொடங்குகிறது. எல்லா அங்கத்தவர் கடைகளுக்கும் ஒரே விளம்பரம், ஒரே நாள், ஒரே விதி. விதி என்ன? மலிவில் விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படாது, மாற்றித் தரப்படாது. போன வருட மலிவில் இன்னொரு அங்கத்தவர் விற்ற குளிர் கோட் ஒன்றை இந்த மாரிக் குளிரில் நான் என் கடையில் மாற்றிக் கொடுத்தேன். இதுதான் என் குற்றம். இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்டால் என் கடைப் பெயர் விளம்பரத்தில் இருக்கும். கேட்காவிட்டால் இராது.

இராவிட்டால் என்ன என்று நினைப்பீர்கள். என் கடை இருப்பது பார்லிமென்ட் வீதியில். நம் சனம் அங்குள்ள மாடிக் கட்டடங்களை விட்டு ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வீடு மாறிப் போய்க் கனகாலம். சங்கத்தின் விளம்பரத்தைப் பார்த்துத்தான் வருடத்தில் ஒரு தரமாவது என் வாசலுக்குக் கூட்டம் வருகிறது. இந்த மாதம் போகாத குளிர்ச்சரக்கு, வருகிற மாரிக்குப் பழஞ்சரக்கு. பழையது போகாமல் புதியது எடுக்க முடியாது. ஆகவே நீங்கள் இன்று தீர்மானிக்கப் போவது என்னுடைய மானத்தையோ மரியாதையையோ அல்ல. அடுத்த மாரியில் என் கடைக்கதவு திறக்குமா, திறக்காதா என்பதை.

தலைவர் தம் உரையிலே என் கடைச் சுவரையே எனக்கு எதிராகச் சாட்சிக்கு அழைத்தார். உண்மைதான். என் கடை இருக்கும் செங்கல் கட்டடம், விக்டோரியா மகாராணியின் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துணி வியாபாரியின் கடை. பக்கச் சுவரிலே அவன் தீட்டுவித்த எழுத்து இன்னும் முழுதாக அழியவில்லை. குளிர்காலச் சரக்கு அறுதி விற்பனை, விற்றது திரும்ப எடுக்கப்படாது என்று எழுதியிருக்கிறான். "பாருங்கோ, மகாராணி காலத்திலேயே உந்தச் சட்டம் இருந்திருக்கு, உவருக்கு மட்டும் ஏன் நோகுது?" என்று தலைவர் கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நல்ல கேள்வி. பதில் வேண்டாமா?

அந்த வியாபாரியை நான் நினைத்துப் பார்த்ததுண்டு. மாசிமாதக் கடைசி. வாசலிலே குதிரை மிதித்துக் கலக்கிய பனிச்சேறு. உள்ளே வாயு விளக்கு வெளிச்சத்தில் கம்பளிப் போர்வை, கழுத்துத் துணி, தோளங்கி என்று மாரி முழுக்க விலைபோகாத மிச்சம் மேசையிலே மலையாகக் கிடக்கும். அவன் கொடைவள்ளல் அல்ல. பூச்சி அரிக்குமுன் காசாக்கப் பார்த்த வியாபாரி. நம் ஆள்! ஆனால் அவன் மேசைக்கு முன் வந்து நின்றவள் யார்? தன் தோளுக்குத் தானே துணி தேடி வந்தவள். விரலிடுக்கில் வைத்துக் கசக்கிப் பார்த்தாள், மேலே போட்டுப் பார்த்தாள், அக்கம்பக்கத்தாரைக் கேட்டாள், பிறகு வாங்கினாள். அவன் மேசை விளிம்பில் பதித்த பித்தளை அளவுகோலில் அளந்து வெட்டினான். வெட்டிய துணியை ஒட்ட முடியுமா? முடியாது. அதனால் திரும்ப எடுக்கமாட்டேன் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. தைத்து விற்ற கோட்டில்கூடத் தையலுக்குள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடித்து விட்டிருப்பார்கள். உடம்பு வைத்தால் பிரித்துவிடலாம்.

நாங்கள் விற்கும் கோட்டிலே என்ன விட்டிருக்கிறோம்? நெஞ்சுக்கு நேரே இழுத்துப் பூட்டும் ஒரு சிப். பூட்டினால் பூட்டும், பூட்டாவிட்டால் பூட்டாது.

அதை யாருக்கு விற்கிறோம்? உங்களைத்தான் கேட்கிறேன், யாருக்கு விற்கிறோம்? பங்குனியில், இங்கே உள்ளவர்கள் இனிக் குளிர் போதும் என்று கோட்டைக் கழற்றும் நேரத்தில், கோட் வாங்க வருபவர் யார்? கைப்பைக்குள் கையை விட்டு ஒரு நூலை எடுப்பவர்கள். சிரிக்கிறீர்கள். உங்கள் கடைக்கும் வந்திருக்கிறார்கள்! "நூல்காரர் வருகினம்" என்று நம் கடைகளில் அவர்களுக்குப் பட்டமே உண்டு. மட்டக்களப்பிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ பயணம் வந்த யாரோ ஒருவரின் கையில் கொடுத்தனுப்பிய நூல். அதிலே முடிச்சுகள். ஒரு முடிச்சு கை நீளம், ஒரு முடிச்சு தோள் அகலம், இன்னொன்று நெஞ்சுச் சுற்று. பிள்ளையை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் பத்திரம் ஒரு மேசையில் தூங்கும், பிள்ளை ஊரில் ஏங்கும், கோட் இங்கே அலுமாரியில் தொங்கும்.

என்ன தம்பி, போனில் அளவைச் சொல்லலாமே என்கிறீரா? ஓம், சொல்லலாம். சொன்னால் இலக்கம் பிசகிவிடும், நூல் பிசகாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. போன் குரலைத்தான் கொண்டுவரும், நூல் பிள்ளையின் உடம்பைச் சுற்றி வந்ததல்லவா?

ஆனால் அந்த நூலிலே ஒரு பிழை இருக்கிறது. வெயில் கொளுத்தும் ஊரிலே, மெல்லிய சீத்தைச் சட்டைக்கு மேலால் அளந்த நூல் அது. இங்கே சீத்தைச் சட்டைக்கு மேலா கோட் போடுகிறோம்? தடித்த சுவெற்றருக்கு மேலே போடுகிறோம். வளர்த்திக்கென்று ஓர் அளவு கூட்டித்தான் எடுப்பார்கள். பத்திரம் பிந்திச் சுணங்கும். சுணங்கச் சுணங்கப் பிள்ளை வளரும். கூட்டி எடுத்த அளவை வளர்த்தி தின்றுவிடும், சுவெற்றருக்கு இடம் இராது. இங்கே பல மாரி கண்ட தாய்க்கும் அந்த நேரம் இது புலப்படாது. அவள் மனம் பிள்ளையிலே இருக்கும், அளவிலே இராது.

அவளுக்குப் புலப்படாது. நமக்கு? நமக்குத் தெரியும், ஐயா! தெரிந்துகொண்டுதான் மடித்துப் பையில் போட்டுக் கொடுக்கிறோம். போடப்போகிறவர் கடையில் இல்லை, தெருவில் இல்லை, நாட்டிலேயே இல்லை. இப்படிச் சுகமான வியாபாரம் வேறெங்கே உண்டு? இறுக்குது என்று சொல்ல ஆள் வந்து இறங்கும்போது, பற்றுச்சீட்டின் எழுத்தும் மங்கிவிடும்.

அப்படி ஒரு நூலோடு போன பங்குனியில் கோட் வாங்கியவள் தங்கேஸ்வரி. ரெக்ஸ்டேலில் ஒரு நிலவறை வீடு. நகர நடுவில், டவுன்ரவுனில் அலுவலகம் துப்புரவாக்கும் வேலை. அகதியாகத் தனியே வந்தவள். மகள் யதுஷா மட்டக்களப்பில் சித்தியோடு இருந்து, இந்தத் தைமாதம்தான் வந்து சேர்ந்தாள். எந்தக் கடையில் வாங்கினாள் என்று நான் சொல்லமாட்டேன். இல்லை, இல்லை, நீங்கள் எழும்பவேண்டாம். நான் பெயர் சொல்லவில்லையே!

ஒருநாள் தாயும் மகளும் என் கடைக்குள் வந்தார்கள். காசு மேசைக்குப் பின்னால் வேலைக்கு நின்ற கிறிஸ்ரினா கோட்டின் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், இது எங்கட கோட் இல்லை. வேற கடை. மலிவில குடுத்தது. மாத்தேலாது."

"வாங்கின இடத்தில கேட்டீங்களோ, தங்கச்சி?" என்றேன்.

"கேட்டன் அண்ணன். சுவர்ல ஒட்டியிருக்கிறத வாசிக்கச் சொல்லிட்டாங்க."

பிள்ளையிடம் கேட்டேன், சிப் பூட்டுமோ என்று. அது கெட்டிக்காரப் பிள்ளை. யாரையும் குறைசொல்லாமல் பதில் சொன்னது.

"மூச்சை இழுத்துப் பிடிச்சாப் பூட்டும், அங்கிள்."

"எவ்வளவு நேரம் பிடிப்பாய்?"

"பஸ் வாறமட்டும் பிடிக்கலாமெண்டு பாத்தன்."

தாய்தான் மிச்சத்தைச் சொன்னாள். "சிப் பிரிஞ்சிட்டு அண்ணன். காத்து உள்ளுக்க அடிக்குதெண்டு புள்ள ரெண்டு கையாலயும் கோட்டச் சேத்துப் பிடிச்சிக்கிட்டு நிண்டிருக்கா. கைக் கிளவுஸோட பிடிச்சா வழுக்குதாம். கழட்டிப் பைக்குள்ள வெச்சிட்டா. பஸ் சுணங்கிட்டு."

பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தது. காட்டச் சொன்னேன். குளிரில் விறைத்த விரல் நுனிகள் கொப்பளித்து, தோல் உரிந்து, நிறம் மாறியிருந்தன. இரண்டு விரல் நுனியில் உணர்ச்சி திரும்புமோ தெரியாது என்று டொக்டர் சொன்னாராம். இந்த நாட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை, ஐயா! எழுதிப் பழகவேண்டிய கை! தாய் வாங்கிக் கொடுத்த கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கை!

மாற்றேலாது என்ற அதே கிறிஸ்ரினா என்னைக் கேட்கவில்லை. நேரே போய் ஒரு பெரிய கோட்டை எடுத்து வந்து சுவெற்றருக்கு மேலே போட்டுப் பூட்டினாள். கழுத்துவரை பூட்டியது. பழைய கோட்டை மேசையில் வைத்துவிட்டுத் தங்கேஸ்வரி அதன் கையைத் தடவினாள். "ஒரு வருசமா அலுமாரியில தொங்கினது அண்ணன். வேலைக்குப் போகக்குள்ள இதத் தொட்டுட்டுத்தான் போவன்" என்றாள்.

நான் தருமம் செய்யவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். கோட் மாற்றியவள் தொப்பியும் கணுக்கால் சப்பாத்தும் காசு கொடுத்து வாங்கினாள். இனி அந்த வீட்டுக்கு எது வேண்டுமென்றாலும் என்னிடம் வருவாள். வியாபாரம்தான். பிறகு கதை பரவியது. வேறு கடைக் கோட்டுகளோடு வேறு தாய்மார் வந்தார்கள். மாற்றினேன். உங்களில் சிலர், "உவர் எங்கட சரக்கை மாத்திக் குடுத்துத் தான் பேரெடுக்கிறார்" என்றீர்கள். சரி, எடுத்தேன். அந்தப் பேர் உங்கள் வாசலிலும் கிடந்ததே, ஏன் குனிந்து எடுக்கவில்லை? நம் செயலாளர் தம்பி துஷாந்த் போனில் எனக்குச் சொன்னதைப் பாருங்கள்: "அண்ணை, நீங்கள் செய்தது நியாயம். ஆனால் செய்திருக்கக்கூடாது." இப்படி ஒரு வசனத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர், தம்பி?

தலைவர் அவர்களே, அந்த வெள்ளைக்காரன் வெட்டிய துணிக்குப் போட்ட விதியை நாங்கள் வெட்டாத கோட்டுக்குப் போட்டிருக்கிறோம். கண்முன் நின்று தொட்டுப் பார்த்தவளுக்குப் போட்ட விதியைக் கண்ணில் காணாத பிள்ளைக்குப் போட்டிருக்கிறோம். அவன் பூச்சிக்குப் பயந்து விற்றான். நாங்கள் எதற்குப் பயந்து பேசாமல் இருக்கிறோம்?

நான் கேட்பது ஒரே ஒரு வரி. நூல் அளவுக்கு வாங்கிய கோட்டை, அந்தப் பிள்ளை இங்கே வந்து காணும் முதல் மாரி முடியும்வரை, எந்த அங்கத்தவர் கடையிலும் மாற்றலாம். இந்த வரியை விளம்பரத்தில் போடுங்கள். போட்டால், மன்னிப்புத்தானே? தலைவர் காட்டும் இடத்தில் நின்று, காட்டும் பக்கம் பார்த்துக் கேட்கிறேன்.

அங்கத்தவர்களே, இந்த வரிக்குச் சம்மதமானவர்கள் கையை உயர்த்துங்கள்.

...

நேரம் எடுங்கள். அவசரமில்லை.

துஷாந்த் தம்பி, உமது கை பேனையில் இருக்கிறது, தெரிகிறது. பின்வரிசையில் ஒரு கை... இல்லை, தேத்தண்ணிக்காரரைக் கூப்பிடுகிறார். கொடுங்கோ, பாவம், களைத்திருப்பார்.

அங்கே இடப்பக்கம் யார்? அம்மா, நீங்களா? பக்கத்தில் அன்ரி, அதற்குப் பின்னால்... அட, ஒரு வரிசையே! யோகமலர் அக்கா, நீங்களுமா? தலைவர் அவர்களே, உங்கள் வீட்டம்மா கை உயர்த்தியிருக்கிறா. ஒருக்கால் இடப்பக்கம் திரும்பிப் பாருங்கள். பார்க்கமாட்டீர்களா? சரி. இரவுச் சாப்பாட்டை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாய்மாரே, கடையிலே நின்று அந்த நூலை வாங்கி விரித்து அளப்பவர்கள் நீங்கள். அந்தப் பெண்களின் முகத்தைப் பார்ப்பவர்கள் நீங்கள். ஆனால் கடை யார் பெயரில் இருக்கிறதோ அவர் கைதான் இந்தச் சங்கத்தில் கணக்கு. உங்கள் கைகள் எனக்குத் தெரிகின்றன. சங்கத்தின் யாப்புச் சட்டத்துக்குத் தெரியாது. போதும், கையைக் கீழே விடுங்கோ, நோகும்.

மற்றப்பக்கம் இன்னொரு தரம் பார்க்கிறேன். ஒன்றுமில்லை.

சரி. செயலாளர் அவர்களே, விளம்பரம் அச்சுக்குப் போகுமுன் என் கடைப் பெயரை எடுத்துவிடுங்கள். சங்கம் விலக்கியது என்று எழுதவேண்டாம், தானே விலகினார் என்று எழுதுங்கள். சனிக்கிழமை நானும் கடை திறப்பேன். கூட்டம் வராமல் போகலாம். வருகிற மாரிக்கு அந்தக் கதவில் வேறு யாருடைய பெயரோ இருக்கலாம். இதை நான் அறியாமல் பேசவில்லை. ஆனால் அந்தக் கதவு என் பெயரில் திறந்திருக்கும் கடைசி நாள்வரைக்கும், எந்தக் கடைக் கோட்டோடு வந்தாலென்ன, சிப் பூட்டாமல் ஒரு பிள்ளை அதற்குள்ளால் வெளியே போகாது!

கசப்பாகப் பேசியும் ஒலிவாங்கியைப் பறிக்காத தலைவருக்கும், கடைசிவரை இருந்து கேட்ட சபைக்கும், கணக்கில் வராத கைகளை உயர்த்திய தாய்மாருக்கும் நன்றி கூறி இறங்குகிறேன். வெளியே பனி இறுகி வழுக்குகிறது. பெரியவர்களைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். எல்லோருக்கும் வணக்கம்.