பட்டப்பகலில் எரிந்த ஹெட்லைட்

பேட்டரி போச்சு என்று என் ஷெட்டுக்கு வருகிற பத்து வண்டியில் ஆறு வண்டிக்குப் பேட்டரியில் ஒரு குறையும் இருக்காது, சார். என்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்துப் பார்க்கவேண்டும். பதினாலு வோல்ட் காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது என்று அர்த்தம். பன்னிரண்டிலேயே முக்கிக்கொண்டிருந்தால் ஏற்றவில்லை. பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துவிடும்.

அன்று என் வேன் பன்னிரண்டு காட்டியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணனை ஏற்றினேன்.

அண்ணன் லாரி டிரைவர். விபத்தில் கழுத்துக்குக் கீழே எல்லாம் போய், பதினோரு வருடமாகப் படுக்கை. மூச்சுக்கு ஒரு மெஷின். அதற்குள் இருந்த பேட்டரி போன வருடமே செத்துவிட்டதால், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வேன் பேட்டரியிலிருந்துதான் ஓட்டுவோம். குளிப்பாட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை புரட்டிப் போடுவது எல்லாம் நான். என் மனைவி மூன்றாம் வருடமே பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். அவளுக்குப் போக ஓர் இடம் இருந்தது.

பைபாஸ் ஏறியதும் பின்னாலிருந்து குரல். மெஷின் தள்ளுகிற மூச்சுக்கு நடுவில்தான் அவர் பேசமுடியும்.

"டேய், ஏசி காத்து இறங்கிடுச்சு. ஹாரன் அடி பாப்போம்."

அடித்தேன்.

"ஆட்டுக்குட்டி மாதிரி கத்துது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தலைடா."

"பழைய பேட்டரிண்ணே."

"போடா. ஊர் வண்டியெல்லாம் பாக்கறே, உன் வண்டியைப் பாக்க மாட்டியா?" சிரித்தார். "ஏசியை அணை. பாட்டை நிறுத்து. எல்லாத்தையும் மெஷினுக்கு விடு, போய்ச் சேந்துடலாம். ஞாயித்துக்கிழமை என் மக பேத்தியைத் தூக்கிட்டு வர்றா, நான் இருக்கணும்ல?"

படுத்தபடியே, பானெட்டைத் திறக்காமல் கோளாறைச் சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். ஆல்டர்னேட்டருக்குப் பின்னாலிருக்கும் ஒயரைக் காலையில் கழற்றிவிட்டவன் நான். காட்டிக்கொடுக்கும் என்று டேஷ்போர்டின் சிவப்பு பல்பையும் பிடுங்கியிருந்தேன்.

ஏசியை அணைத்தேன். பாட்டை நிறுத்தினேன். அண்ணன் பேச்சை நான் தட்டியதே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம்தான் பாக்கி. பேட்டரி அதுவரை தாக்குப்பிடிக்கும் போலிருந்தது. அதனால் ஹெட்லைட்டைப் போட்டேன். டோல்கேட் கேமராவில் பார்த்துவிட்டு, மத்தியான வெயிலில் எதற்கு லைட் என்று நீங்கள் கேட்டீர்களே, இதற்குத்தான்.

பழைய டீசல் என்ஜினுக்கு ஓட பேட்டரி தேவையில்லை. வண்டி நிற்கவில்லை. மெஷின் மட்டும் நின்றது. "தம்பி" என்று ஒரு தடவை கேட்டது. ஆஸ்பத்திரி திருப்பத்தைத் தாண்டி நேராகவே போனேன். அடுத்த பாலத்துக்கடியில் திரும்பி, ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தி, பின்னால் போய் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டேன்.

"அண்ணே, ரொம்பக் களைப்பா இருக்குண்ணே. இதோட முடிச்சுக்கலாமா?" என்று முறைப்படி கேட்டேன், சார்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் கேட்காமல் நான் எதையும் செய்யவில்லை.