உப்புத்தாள் போட்ட சேர்

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சி வரும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர். சேர் வாடகைக்கு விடுகிறவர் திடீரென்று சொன்னார்:

“நல்லவேளை மச்சான், புது சேரையெல்லாம் என் சம்சாரம் உப்புத்தாள் போட்டுத் தேச்சிட்டா.”

“புதுசயா? இன்னாத்துக்கு?”

“வழவழ பிளாஸ்டிக்ல பேரு எழுதினா பெயிண்டு முத்துமுத்தா திரண்டுக்குது, காஞ்சா உரிஞ்சிடுது. தேச்ச எடத்துல பரவிப் புடிச்சிக்குது. அது தெரியாம அவளத் திட்டிட்டேன்.”

“இப்ப இன்னா ஆச்சி?”

“ஒரே தெருவுல ரெண்டு கல்யாணம். ரெண்டு கடை சேரும் செவப்பு. நான் ஏத்தினதெல்லாம் அவனுதுன்னு அந்தக் கடைக்காரன் சட்டையப் புடிச்சிட்டான். கவுத்துக் காட்டினேன். எல்லாத்துலயும் என் பேரு.”

“அவன் சேருல?”

“அவனும் எழுதினவன்தான். ஒண்ணுலயும் நிக்கல.”

“இன்னா சொன்னான்?”

“சட்டைய விட்டுட்டு, உப்புத்தாள் எந்த நம்பருன்னு கேட்டான்.”