பத்து விநாடி சோதனை

மெக்கானிக்: இந்த யூபிஎஸ் பெட்டிய ஏங்க பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கீங்க?

வீட்டம்மா: அவர் கட்டிலு, ஆக்சிஜன் மெஷினு... இருக்கிற ரூமுல இதுக்கு எங்க தம்பி இடம்? வருஷ செக்கப்புக்கு ஆள் வரும்னாரு. சட்டுனு முடிச்சிருவீங்கல்ல?

மெக்கானிக்: அம்மா... இது நேத்து காலைலேர்ந்து கத்திட்டு இருந்திருக்கு.

வீட்டம்மா: கத்துச்சா? ...ஆமா, கத்துச்சு. கரண்டு போயிட்டு வந்திருக்கும்னு விட்டுட்டேன்.

மெக்கானிக்: இல்லீங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ இது தன்னையே சோதிச்சுக்கும். பத்து விநாடி கரண்ட விட்டுட்டு பேட்டரில ஓடிப் பாக்கும். நேத்து ஃபெயிலாயிருக்கு. அதான் கத்தல்.

வீட்டம்மா: அப்போ நேத்து கரண்டு போயிருந்தா...

மெக்கானிக்: ஐயாவோட மெஷின் ரெண்டு நிமிஷம்கூட ஓடியிருக்காது.

வீட்டம்மா: அய்யய்யோ...

மெக்கானிக்: பதறாதீங்க, புது பேட்டரி கையோட கொண்டாந்தேன்... இதோ, போட்டாச்சு. சத்தத்த மட்டும் தெரிஞ்சுக்கோங்க. விட்டு விட்டு வந்தா கரண்டு இல்ல. விடாம வந்தா பேட்டரி தீரப்போகுது. இதோ... கேக்குதா?

வீட்டம்மா: ம்... நல்லாக் கேக்குது.

மெக்கானிக்: நான் இன்னும் பட்டனையே அழுத்தலீங்க.

வீட்டம்மா: ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு தம்பி.

மெக்கானிக்: இப்ப?

வீட்டம்மா: அழுத்திட்டீங்களா?

மெக்கானிக்: அழுத்திட்டேதான் இருக்கேன்.

கணவர்: அங்க என்ன... ரகசியம்?

வீட்டம்மா: ஒண்ணுமில்ல! மூக்குல இருக்கிற குழாயக் கழட்டாம படுங்க! ...தம்பி, பேச்செல்லாம் கேக்குது. இந்தக் கீச்சு மட்டும்தான்... அவருக்குத் தெரிய வேணாம்ப்பா.

மெக்கானிக்: சொன்னா என்னங்க?

வீட்டம்மா: பொண்ணுகிட்ட சொல்லிருவாரு. ‘உனக்கே காது போச்சு, அப்பாவ எப்படிப் பாத்துப்பே’ன்னு அவர முதியோர் இல்லத்துல சேத்துருவா. அவர் இல்லாத வீட்டுல நான் எந்தச் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்?

மெக்கானிக்: இருங்க... இந்த விளக்க உங்க அடுப்பு மேல மாட்டறேன். பெட்டி கத்தினா இது சிவப்பா மின்னும். இன்னொண்ணு உங்க தலைமாட்டுல. ...இப்ப பாருங்க.

வீட்டம்மா: ஆமா! மின்னுது, மின்னுது! நீ நல்லாருக்கணும் தம்பி. உன் கையத் தொட்டுக் கும்பிடணும்போல இருக்கு. ...ஆமா, செக்கப்புக்கு வந்த ஆளு ரெண்டு விளக்கு, இவ்வளவு ஒயரு... எல்லா வீட்டுக்குமா சுமந்துட்டுப் போவே?

மெக்கானிக்: அது...

வீட்டம்மா: சொல்லுப்பா.

மெக்கானிக்: சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு.

வீட்டம்மா: யாரு?

மெக்கானிக்: ஐயாதாங்க. பெட்டி கத்த ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷமே போன் பண்ணிட்டாரு. ‘வருஷ செக்கப்புன்னு சொல்லிட்டு வா. கையோட விளக்கு கொண்டு வா. அவளுக்கு இந்தச் சத்தம் கேக்கறதில்ல, நாலு மாசமா எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, எனக்கு ஆபத்துன்னு பயந்து அவளே என்னைய இல்லத்துல கொண்டுபோய் விட்டுருவா... எனக்கு அவகூட இருக்கணும்ப்பா’ன்னாரு.