நஞ்சுண்டாசாரி தண்ணி விட்ட வளைவு

ஆகாசத்துல ஏரோப்ளேன் சத்தம் கேட்டா ஊரே வாசலுக்கு ஓடியாந்த காலமுங்க. அந்தக் காலத்துல இதே கன்னார்புதூர்ல நஞ்சுண்டாசாரின்னு ஒருத்தரு இருந்தாராமா. இருந்தாராமான்னு சொல்றேன், ஆனா எங்கப்பாவைப் பெத்த அப்பாருதான் அவரு. நான் பொறக்கறக்கு முன்னாடியே போயிட்டாரு, அதனால நானும் கேட்ட கதையத்தான் சொல்லோணும். உங்க புது பஸ்ஸோட அடித்தகட்டுல எங்க மேஸ்திரி உளிய வெச்சு மூணு ஓட்டை போட்டுப்புட்டான்னு மூஞ்சியச் சுளிச்சுட்டு நிக்கறீங்களே, அதுக்கு அவருதான் காரணம். உக்காருங்க. டீ வருது. பஸ்ஸு எங்கயும் ஓடிப் போகாது.

நஞ்சுண்டாசாரி அண்டா அடிக்கறவரு. செம்பு, பித்தாளை, அப்பறம் புதுசா வந்த அலுமினியம், எதைக் குடுத்தாலும் அடிப்பாரு. ஒரு அண்டா முடிஞ்சா அதுல தண்ணிய ரொப்பி, காஞ்ச சாம்பல் மேல தூக்கி வெப்பாராமா. மறுநா காலைல சாம்பல்ல ஈரம் தெரிஞ்சா, அந்த அண்டாவை நசுக்கிப் போட்டுட்டு மொதல்ல இருந்து அடிப்பாராமா. அவரு அடிச்சதுன்னா ஒரு சொட்டு ஒழுகாது. சீருக்குப் பாத்திரம் வாங்க வர்றவங்க, "நஞ்சுண்டாசாரி அடிச்சதா? அப்ப சரி, ஒரு சொட்டு ஒழுகாது"ன்னு தட்டிக் கூடப் பாக்காம தூக்கிட்டுப் போவாங்களாமா. மனுசனுக்கு அதுல அத்தனை ரோசம்.

அப்பத்தான் பேதுரு வந்தான். பேரு பியேத்ரோவாமா. நம்ம ஆளுக வாயில பேதுருன்னு ஆயிப்போச்சு. இத்தாலிக்காரன். யுத்தத்துல பிடிபட்டு, கைதியா கப்பல்ல இந்த நாட்டுக்கு வந்தவன். யுத்தம் முடிஞ்சுது, கூட இருந்தவங்க எல்லாரும் ஊருக்குப் போனாங்க, இவன் மட்டும் போகலை. இங்க பக்கத்து மில்லுல மிஷின் பாக்கற சோலிக்கு வந்து சேந்துட்டான். ஏன்னா வலது கையில மூணு வெரலுதான், ஊர்ல அவன் செஞ்ச வேலைக்கு அந்தக் கை ஆகாது. மத்த ரெண்டும் யுத்தத்துல போச்சு.

ஒரு நாள் மில்லு விட்டு நம்ம வீதி வழியா நடந்து போனவன், ஆசாரி பட்டறைக்கு முன்னாடி நின்னுட்டானாமா. உள்ள வந்து பாக்கலை. கண்ணை மூடிட்டு சத்தத்தை மட்டும் கேட்டுட்டே நின்னானாமா. சித்த நேரங்கழிச்சு, "ஆசாரி, இப்ப அடிச்ச எடத்துல தகடு மெலிசு. அங்க போதும்"னானாமா.

அப்பாருக்கு சுருக்குனு கோவம். "வெள்ளைக்காரன் எனக்குத் தகடு சொல்லித் தர்றானா"ன்னு தடவிப் பாத்தாரு. மெலிசாத்தான் இருந்துச்சாம். "உள்ள வாடா"ன்னாராமா. அன்னிக்கு வந்தவன் தெனமும் வந்தான்.

அவன் அவங்க ஊர்ல குதிரை வண்டிக்கும் காருக்கும் மேல்கூடு அடிக்கற பட்டறைல வேலை செஞ்சவன். இவரு தகட்டைத் தட்டுவாரு, அவன் பக்கத்துல உக்காந்து பாப்பான். பொழுதெறங்கறப்ப ஆசாரி சம்சாரம் பழனாத்தா ரெண்டு பேருத்துக்கும் ராகிக் களி போடுவா. "ஏப்பா பேதுரு, உங்கம்மா உன்னைத் தேடமாட்டாளா"ன்னு அவ தெனமும் கேப்பாளாம். அவன் தெனமும், "தேடுவாங்க"ன்னு மட்டும் சொல்லுவானாம்.

ஒருநா லெட்டரு வந்துச்சு. அவனோட பழைய பட்டறை மொதலாளி எழுதுனது. பேதுரு படிச்சுப் படிச்சுச் சொன்னானாமா. இங்க இத்தாலில பாதி ஊரு இடிஞ்சு கெடக்கு. ஆனா ஜனங்களுக்குப் பந்தயப் பைத்தியம் புடிச்சிருக்கு. சின்னச் சின்னக் காரா வாங்கி, அதோட கூட்டைக் கழட்டி எறிஞ்சுட்டு, எலும்பு மேல புதுசா மெல்லிசா அலுமினியத்துல தோலு அடிச்சுத் தர்றோம். ஏரோப்ளேன் கம்பெனிக்காரங்ககிட்ட மிச்சங் கெடந்த தகடு. ஆளுக்கொரு அளவு, வண்டிக்கொரு உருவம், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. சந்து பொந்துல இருக்கற பட்டறையெல்லாம் இப்ப இந்த வேலைதான்.

"அப்பறம்?" அப்பாரு கேட்டாரு.

"என்ற கை இப்படி ஆனதை எழுதியிருந்தேன் ஆசாரி. அதுக்குச் சொல்றாரு. கை போனாப் போகுது, கண்ணு இருக்குதான்னு காட்டு. அங்கயே வேற கைய வெச்சு ஒரு வண்டி அடி. அது ஒரு பந்தயத்துல முழுசா ஓடி முடிச்சுட்டா, போட்டோ புடிச்சு அனுப்பு. உன்ற எடம் அப்படியேதான் இருக்கு, வந்துரு. இல்லாட்டி அங்கயே இருந்துக்க. அப்படீன்னு எழுதியிருக்காரு."

"வேற கையின்னா?"

பேதுரு அப்பாரு கையைப் பாத்தானாமா.

மில்லு மொதலாளிகிட்ட ஒரு சின்ன இத்தாலிக் காரு இருந்துச்சு. புளியமரத்துல மோதிக் கூடெல்லாம் நசுங்கி, இஞ்சின் மட்டும் நல்லாருந்துச்சு. எடுத்துக்கங்கன்னுட்டாரு. யுத்தத்துக்குன்னு போட்ட ஏரோப்ளேன் மைதானம் ஊருக்குத் தெக்கால சும்மா கெடந்துச்சு, அதுல சித்திரை மாசம் பந்தயம் வெக்கறதாவும் பேச்சு.

அப்பறமென்ன. பேதுரு கரித்துண்டை எடுத்துப் பட்டறைச் செவுத்துல வண்டிய எழுதுனான். மாங்கொட்டையாட்டம் ஒரு உருவம். ஓட்டப் போறவன் அவன்தானே, அவனை மணைல உக்கார வெச்சு, தோளு, இடுப்பு, முழங்காலுன்னு நூலப் புடிச்சு அளவெடுத்தாங்க. மரத்துல அச்சு செதுக்குனாங்க. அப்பாரு மணல் மூட்டை மேல தகட்டை வெச்சு மரக் கொட்டாப்புளில தட்டித் தட்டி வளைச்சாரு. வீதியே சிரிச்சுது. "ஆசாரி சக்கரம் வெச்ச அண்டா அடிக்கறாரு, இனி பந்திக்கு சாம்பாரு தானா வந்து நிக்கும்"னு சொன்னாங்களாமா. சொன்னவங்க பேரன் இன்னைக்கு எங்ககிட்டத்தான் பஸ் கட்டறான், அதை விடுங்க.

சிரிக்காத ஒரே ஆளு பழனாத்தா. அவ பாத்துட்டாளாமா. வண்டி முடிய முடிய இவரு கை மெதுவாகுதுன்னு. ஒரு நாள்ல அடிக்கற தகட்டை மூணு நாளு அடிப்பாராம். வண்டி நல்லா ஓடுனா பேதுரு போயிருவான். அவரு மனசு அவனை அனுப்பத் தயாராவே இல்லைங்க. கூடப்பொறந்தவன் இல்லாத மனுசன். மெதுவா அடிச்சுட்டே இருந்தாரு.

பந்தயத்துக்கு நாலு நாளு இருக்கறப்ப பேதுருக்கு குளிர்காய்ச்சலு. மில்லு ஆஸ்பத்திரில படுத்துட்டான். வண்டி கிட்டத்தட்ட முடிஞ்சுது. அப்பாரு அதைச் சுத்திச் சுத்தி வந்தாரு. தகடும் தகடும் சேர்ற எடத்துலயெல்லாம் வெளிச்சம் தெரியுது. காத்துக்குத் தடை இல்லாம இருக்கோணும்னு வயித்துக்கு அடியிலயும் தகடு குடுத்திருந்தாங்க, அதுலயும் சந்து சந்தா வெளிச்சம். அவருக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சாம். "நஞ்சுண்டாசாரி கையில இருந்து இப்படி ஒண்ணு கடல் தாண்டிப் போட்டோவாப் போறதா"ன்னு, உக்காந்தாரு. ஓரத்தையெல்லாம் அண்டாவுக்கு மடிக்கறாப்புல ரெட்டை மடிப்பு மடிச்சு அடிச்சாரு. மேல அரக்கு காச்சி ஊத்துனாரு. மூணு நாளு சோறு தண்ணி மறந்து அடிச்சாரு. முடிச்சுட்டு, அதுல தண்ணிய ரொப்பி, அடியில சாம்பலத் தூவிப் பாத்தாராமா. சாம்பலு காஞ்சு கெடந்துச்சு. ஒரு சொட்டு ஒழுகலை.

பேதுரு எந்திரிச்சு வந்து தடவிப் பாத்து அழுதுட்டானாமா. "இப்படி வேலைய எங்க பட்டறைல நான் பாத்ததே இல்லை ஆசாரி." அது நெசந்தான். பாத்திருந்தா, உள்ள விழுந்த தண்ணி எங்க போகும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். அவங்க ஊரு வண்டி தானாவே நூறு எடத்துல ஒழுகும், அடியில ஓட்டை விடோணும்னு அவனுக்குச் சொல்லித் தர்ற தேவையே யாருக்கும் வந்ததில்லை. அண்டா அடிக்கறவருக்கோ ஓட்டைங்கற நெனப்பே வராது. ரெண்டு பேரும் நல்ல வேலைக்காரங்க, அதுல வந்த வெனை.

பந்தயத்தன்னிக்கு மத்தியானம் கோடை மழை. ஏழு வண்டி வரிசையா நிக்குது, மேல மூடி இல்லாத வண்டிக. மழை விடட்டும், விடட்டும்னு ஒரு மணி நேரம் நிக்க வெச்சுட்டாங்க. மத்த வண்டில விழுந்த தண்ணியெல்லாம் சந்து வழியா ஓடிருச்சு. நம்ம வண்டி குடிச்ச தண்ணிய அப்படியே வெச்சுக்கிச்சு. கொடிய அசைச்சப்ப பேதுரு இடுப்பளவு தண்ணில உக்காந்திருந்தானாமா. பழனாத்தா சொம்புல மோந்து மோந்து ஊத்துனாளாமா, மழை அவளுக்கு மேல ஊத்துது.

பத்துச் சுத்து ஓடோணும். மொதல் சுத்துல தண்ணி இந்தப் பக்கமா ஏறி அந்தப் பக்கமா எறங்குது. ரெண்டாவது சுத்துல பிரேக்கை மிதிச்சா தண்ணி முன்னால பாஞ்சு மொகத்துல அடிக்குது. மூணாவது சுத்துல தெக்கு மூலை வளைவுல வண்டி வாலைத் திருப்பி, சொழண்டு, சேத்துல போய் நின்னுது. ஜனம் சிரிக்குது. "சாம்பாரு கொதிச்சுருச்சா ஆசாரி"ன்னு கத்தறாங்க.

அப்பாரு ஓடுனாரு. வெத்துக்காலோட சேத்துல ஓடி வண்டிகிட்டப் போனாரு. பேதுரு மூணு வெரலோட ஸ்டீரிங்கப் புடிச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கான். இவரைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டானாமா. "நான் ஊருக்குப் போகக்கூடாதுன்னா இப்படிச் செஞ்சீங்க, ஆசாரி?"

அவருக்கு பொக்குனு போச்சு. வேணும்னு செய்யலைங்க. வேணும்னேதான் செஞ்சாருன்னு இன்னும் ரெண்டு பேரு சொல்லிட்டுத் திரியறாங்க, அவங்க வாயில மண்ணைப் போட. ஆனா அவன் கேட்டது பொய்யில்லைன்னு அவருக்குத் தெரியும். அவன் போகக்கூடாதுன்னு நெனச்ச மனசு அவருதுதானே.

இடுப்புல இருந்த உளிய எடுத்தாரு. வண்டிக்கு அடியில சேத்துல மல்லாக்கப் படுத்தாரு. பழனாத்தா பொறகாலயே ஓடியாந்து அலறுனா. "ஏனுங், வேண்டாமுங்க! நெறஞ்ச பாத்திரத்துல உளி வெக்காதீங்க, நம்ம குடிக்கு ஆகாது." அவ சொன்னது நாயம். பாத்திரம் அடிக்கற கன்னாரு வீட்டுல முடிஞ்ச பாத்திரத்துல ஓட்டை போடமாட்டாங்க. சுடுகாட்டுல கொள்ளிக்குடத்துக்குத்தான் ஓட்டை போடறது, மூணு ஓட்டை, அதுவும் இனி திரும்பி வராதவங்களுக்கு.

அவரு மூணு ஓட்டைதான் போட்டாரு. வண்டிய அடிச்ச கையிலயே ஓட்டையும் அடிச்சாரு. தண்ணி கொட்டுது, மூஞ்சி மேல, நெஞ்சு மேல, வாயில. மழைத்தண்ணியா கண்ணுத்தண்ணியான்னு யாருக்குத் தெரியும். அடியில படுத்துட்டே சத்தமாச் சொன்னாராமா. "போயிட்டு வா, பேதுரு."

பேதுரு வண்டியக் கெளப்புனான். பத்துச் சுத்தும் ஓடுனான். ஜெயிக்கலைங்க. ஏழு வண்டில ஆறாவதா வந்தான். ஆனா முழுசா ஓடி முடிச்சான். போட்டோ புடிச்சு அனுப்புனாங்க. ஆடி மாசம் அவன் கப்பலேறிட்டான். பழனாத்தா அவங்கம்மாவுக்குன்னு ஒரு சின்னச் சொம்பு குடுத்து விட்டா. அப்பாரு ரயிலடிக்குப் போகலை. நான் அங்கயே சொல்லிட்டேனேன்னாராமா.

அப்பறம் ரெண்டு வருசத்துக்கு லெட்டரு வந்துச்சு. ஒரு போட்டோவும் வந்துச்சு, அதா அங்க செவுத்துல மாட்டியிருக்கு பாருங்க. அவன் பட்டறை. அங்க கட்டுன வண்டிய ஒரு பக்கமாச் சாச்சுப் போட்டு வயித்தைக் காட்டிப் புடிச்சிருக்கான். மூணு ஓட்டை தெரியுதா? அதுக்கப்பறம் லெட்டரு நின்னுபோச்சு. என்னாச்சுன்னு எங்களுக்குத் தெரியாது.

பழனாத்தா பயந்தாப்புல குடிக்கு ஒண்ணும் ஆகலை. எங்கப்பா காலத்துல அண்டா போயி லாரி வந்துச்சு, லாரி போயி பஸ்ஸு வந்துச்சு. அப்பாரு கண்ணு தெரியற வரைக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அவரே படுத்து மூணு ஓட்டை போடுவாராம், அதே உளில. வண்டிக்கு யாரு பேரு வெச்சிருந்தாலும், அவரு அனுப்பறது ஒரே பேரச் சொல்லித்தான். அவரு செத்தன்னிக்குக் குடத்துல மூணாவது ஓட்டை போட்டப்ப, எங்கப்பாவும் வாய் தவறி அந்தப் பேரைத்தான் சொன்னாராமா. அந்த மைதானத்துத் தெக்கு மூலைல, இப்ப பைபாஸ் திரும்பற எடத்தை இன்னும் தண்ணி விட்ட வளைவுன்னுதான் சொல்றாங்க. கண்டக்டரு அந்தப் பேருலதான் டிக்கெட் கிழிக்கறான்.

டீயைக் குடிச்சாச்சா? இந்தாங்க சொம்பு. அந்த மூணு ஓட்டைலயும் நீங்கதான் தண்ணி ஊத்தோணும், வண்டிக்குச் சொந்தக்காரரு ஊத்தறதுதான் வழக்கம். உங்க பஸ்ஸுக்கு அங்காளம்மன்னு எழுதியிருக்கறது எனக்குந் தெரியும். பரவால்லை. தண்ணி கீழ எறங்கறதப் பாத்துட்டே, போயிட்டு வா பேதுருன்னு சொல்லுங்க. எழுபது வருசத்துக்கு மேலயாச் சொல்றோம், அவன் இன்னும் வரலை. சத்தமாச் சொல்லுங்க.